காளி உள்ளே வந்த நாள்

எங்கள் கல்லூரி விடுதியின் காவல் அறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பாத்திரக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு மாதத்தின் பெயருக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒற்றைச் சொல் ஒன்று எழுதியிருக்கும். ஜூனில் ‘பெட்டி’, அக்டோபரில் ‘வேஷம்’, நவம்பரில் ‘சார்ஜர்’, டிசம்பரில் ‘பூட்டு’, மார்ச்சில் ‘கைகலப்பு’. விடுதி அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, கடையில் வாங்க வேண்டிய சாமான்களைக் காலண்டரில் எழுதிவைக்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தேன். மார்ச் மாதத்தைப் படித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

எழுதியவர் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் அவருக்கு என்ன பதவி கொடுத்திருந்தாலும் முதல்வரிலிருந்து சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஏட்டையாதான். ஆத்தூர்க்காரர். வாயில் எப்போதும் வெற்றிலை. அதனால் பேச்சு குறைவு. அவர் கணக்குப்படி கல்லூரியில் களவு கண்டபடி நடப்பதில்லை. ஜூனில் சேர்க்கை நடக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற எவனும் ஒரு பையனுக்கு அப்பாதான். யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். தேர்வு நெருங்கினால் நடைபாதை ப்ளக்குகளில் வரிசையாக போன் தொங்கும். பையன்கள் பகலில் தூங்குவார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பாதி விடுதி ஊருக்குப் போய்விடும். பூட்டு மட்டும் காவல் இருக்கும். கலைவிழா முடிந்த மார்ச்சில் பொருள் போகாது, பல் போகும். “களவாணியும் நம்மள மாதிரித்தாம்மா. அவனும் சீசன் பாத்துத்தான் பொழைக்கான்” என்பார். விடுதிக் காப்பாளர் அவரைச் சீண்டுவார்: “என்ன ஏட்டையா, களவுக்குப் பஞ்சாங்கம் எழுதுதீயளா?” இவர் அசராமல், “எழுதுதேன் சார். மாசம் பிடிபட்டுட்டு, நேரந்தான் இன்னும் பிடிபடல” என்பார்.

‘வேஷம்’ என்பது தசராவைக் குறிப்பது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குலசை என்கிற கடற்கரை ஊரின் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, நேர்ந்த வேஷத்தைக் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை பிரிப்பார்கள். குறவன், குரங்கு, போலீஸ், பிச்சைக்காரன் என்று என்ன வேஷமும் கட்டலாம். எல்லாவற்றிலும் கடுமையானது காளி வேஷம். அதைக் கட்டுகிறவர் தனிக் குடிசையில் இருந்து தானே பொங்கிச் சாப்பிட வேண்டும். வேஷம் கட்டிவிட்டால் அவர் ஆள் இல்லை, அம்மன். தடுத்து நிறுத்தி அடையாள அட்டை கேட்க எங்கள் மாவட்டத்தில் எவனுக்கும் நெஞ்சு வராது. அதனால் ஏட்டையா ஒரு விதி வைத்திருந்தார். தசராக் குழு எதுவானாலும் அலுவலகப் படிவரை வரலாம். நாம் எழுந்து போய்க் கும்பிட்டுக் காணிக்கை போட வேண்டும். அலுவலகத்துக்கும் அறைகளுக்கும் நடுவே இருக்கும் கிரில் கதவு மட்டும் திறக்கக் கூடாது. அந்தக் கதவின் சாவி பகலில் என் மேசை இழுப்பறையில் இருக்கும்.

அந்த வருடம் தசராவுக்குக் கோயிலில் கொடியேறிய ஆறாம் நாள் காலை. முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு எனக்கு. அதற்கு முந்தின நாள்தான் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இன்னொரு பரிசோதனை முடிவைக் கையில் கொடுத்து, ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று அனுப்பியிருந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருடம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று கேட்டுக் கேட்டு எனக்கு மாதம் என்ற சொல்லே பிடிக்காமல் போயிருந்தது. வீட்டில் அழ முடியாது. மாமியார் கூடச் சேர்ந்து அழுவார். அலுவலகத்தில் யாரும் இல்லை. காப்பாளர் வகுப்பில் இருந்தார், ஏட்டையா முதல்வர் அறையில் இருந்தார். பையன்கள் எல்லோரும் வகுப்பில். நான் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு அதன்மேல் அழுதுகொண்டிருந்தேன்.

சலங்கைச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் படியில் காளி நிற்கிறாள். கறுப்பும் நீலமுமாக முகம், தொங்கும் நாக்கு, சடை, கிரீடம், சிவப்புச் சேலை, தோளில் காணிக்கைப் பை. நான் எழுந்து போய்க் கும்பிட்டேன். நியாயமாக அங்கேயே எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். குழு இல்லை, மேளம் இல்லை. காளி தனியாக வரமாட்டாள். அதெல்லாம் இப்போது நன்றாகத் தெரிகிறது; அப்போது கண்ணில் தண்ணீர். காளி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து வருகிற, கரகரத்த குரலில் சொன்னாள்: “மடி காஞ்சு கெடக்கேன்னுதான அழுத? அழாத தாயி. அடுத்த தசராவுக்குள்ள ஒன் மடி நெறையும்.”

நான் கேட்கவே இல்லை. கேட்காமலே வந்த வாக்கு. உடம்பு முழுக்கச் சிலிர்த்துப் படியிலேயே விழுந்து கும்பிட்டேன். காளி என் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள். “உள்ள இருக்க புள்ளைகளுக்கும் வைக்கணும். கதவத் தொற” என்றாள். நான் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக் கிரில் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் என் பீரோ சாவியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். வாக்கு பலித்ததா என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பலிக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

மத்தியானம் பையன்கள் சாப்பிட வந்ததும் கூச்சல் எழுந்தது. இரண்டு மடிக்கணினியும் ஐந்து போனும் போயிருந்தன. வகுப்புக்கு போன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் கல்லூரி விதி. அறைச் சாவியைக் கதவுச் சட்டத்துக்கு மேலே வைத்துவிட்டுப் போவது எங்கள் பையன்களின் வழக்கம். காய்ச்சலில் படுத்திருந்த ஒருவன் மட்டும் நடைபாதையில் காளியைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டானாம். வாசல் கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். காளி வருவது தெரிந்தது, கனத்த பையோடு போவது தெரிந்தது, இரண்டு தடவையும் காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவது தெரிந்தது. ஆள் யாரென்று மட்டும் தெரியவில்லை.

“நம்ம பய ஒருத்தன் இந்த வருஷம் காளி வேஷம்லா?” என்று யாரோ சொன்னார்கள். சொன்னதுதான் தாமதம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன், ஆறுமுகநேரிக்காரன். அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக நேர்ந்துகொண்டு, கொடியேறிய அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தான். விடுதியின் உள்ளும் புறமும் தெரிந்தவன், சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்தவன், வேஷமும் அதே வேஷம். வேறென்ன வேண்டும்? கிரில் கதவு எப்படித் திறந்தது என்று காப்பாளர் என்னைக் கேட்டார். “பூட்டித்தான் சார் இருந்துச்சு, காளி வந்தத நான் பாக்கல” என்றேன். அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன பிறகு திருத்துவதற்கு நிறைய நேரம் இருந்தது. நான் திருத்தவில்லை.

மறுநாள் அவனை வரவழைத்தார்கள். சிவப்பு வேட்டி, கழுத்தில் மாலை, மணிக்கட்டில் காப்பு. ஒரு வாரத் தாடி. அந்த விசாரணையைப் போல ஒரு விசாரணையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மற்ற நாளில் “ஏலே, இங்க வாலே” என்று கூப்பிடும் காப்பாளர், மாலை போட்டவனை எப்படி அப்படிக் கூப்பிடுவது? “வாங்க சாமி, உக்காருங்க சாமி” என்றார். “எடுத்தத எடுத்த எடத்துல வச்சிருங்க சாமி. வெளிய தெரியாம முடிச்சிருவோம்” என்றார். யாரும் அவனைத் தொடவில்லை, அவன் பையைத் தொடவில்லை. அவ்வளவு மரியாதையோடு திருடன் என்றார்கள். அவனும் கைகட்டி நின்று, “நான் வரல சார். குடிசையிலதான் இருந்தேன்” என்றான். யார் பார்த்தது என்று கேட்டார்கள். காளி வேஷக்காரன் பகலில் குடிசையில் தனியாகத்தான் இருப்பான், விரதமே அதுதான். பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் விரதம் சரியில்லை என்று அர்த்தம். அவன் சாட்சிக்கு அம்மனைத்தான் கூப்பிட்டான். காப்பாளர், “அம்மந்தான் கேமராவுல வந்திருக்காளே சாமி” என்றார். ஒருத்தர் சிரித்தார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த நாள் பத்து மணிக்குக் கமிட்டி. ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீசில் புகார், மாற்றுச் சான்றிதழ். வழக்கு என்று வந்தால் பாதி விரதத்தில் மாலையைக் கழற்ற வேண்டிவரும். அது அவன் அம்மாவுக்கு ஆகாது என்று அவன் நடுங்கியது, படிப்பு போவதை நினைத்து நடுங்கியதைவிட அதிகம்.

சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஏட்டையா காவல் அறையிலிருந்து கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

“எம்மா, நேத்து மத்தியானம் ஒங்க நெத்தியில இருந்த குங்குமம் வீட்டுல வச்சது இல்ல” என்றார்.

மறுநாள் முகம் கழுவி, சின்னப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தேன். என்ன பிரயோஜனம்? பார்க்க வேண்டிய அன்றைக்கு அவர் பார்த்திருக்கிறார்.

“பூட்டு ஒடையல. சாவி ஒங்ககிட்ட. என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல. நாளைக்குப் பத்து மணிவரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்களா சொன்னா அது வேற, நான் சொன்னா அது வேற. அந்தப் பய வாழ்க்கை இதுல கெடக்கு, பாத்துக்கிடுங்க.”

“சொன்னா என் வேல போயிருமே ஏட்டையா” என்றேன்.

“போகலாம்” என்றார். ஆறுதலுக்குக்கூடப் ‘போகாது’ என்று சொல்லவில்லை.

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். பெரிய நீதிமான்! இந்த ஆள் செத்துத் தொலைந்தால் என்ன என்றுகூட பஸ்ஸில் நினைத்தேன். அதைவிடக் கேவலமாக இன்னொன்றும் நினைத்தேன். ஒருவேளை அந்தப் பையனே எடுத்திருந்தால்? எடுத்திருக்கக் கூடாதா? என்று. வேலை போவதுகூடப் பெரிதில்லை. ‘எதற்குக் கதவைத் திறந்தாய்?’ என்று அத்தனை ஆண்களுக்கு நடுவில் கேட்பார்கள். என் மடியைப் பற்றி நான் அங்கே பேச வேண்டும். அதை நினைத்தால் உடம்பு கூசியது. வீட்டில் என் கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ‘பேசாமல் இரு’ என்றுதான் சொல்வார். அதைக் கேட்டுவிட்டால் நான் பேசாமலே இருந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

காலையில் கமிட்டி அறையில் ஐந்து ஆண்கள். பையன் ஓரமாக நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் அப்பா, உப்பில் வெளுத்துப்போன காலோடு. ஏட்டையா சுவரோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பத்தடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. “கதவ நாந்தான் சார் தொறந்தேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். காப்பாளர் எழுந்தே விட்டார். “தொறந்தியா? என்னத்துக்கு?” என்றார். “சொல்லும்மா, அப்படி என்ன அவசரம்? காளிகிட்ட என்ன கேட்ட?”

“சார்” என்றார் ஏட்டையா. “அது அம்மனுக்கும் அவங்களுக்கும் உள்ள பேச்சு. களவுக்கு அது வேண்டாம். கதவு எப்படித் தொறந்துச்சுன்னுதான கேட்டீய? சொல்லிட்டாங்க.”

அந்த ஒரு நிமிடத்துக்காக அவரை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் கும்பிடுவேன்.

ஆனால் பையன் தப்பவில்லை. நான் பேசினால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். கதவைத் திறந்தது நான் என்றால், உள்ளே போனது அவன் இல்லை என்று ஆகிவிடுமா? முகத்தைப் பார்த்தாயா என்றார்கள். முகம் முழுக்கச் சாயம். “குரல் இவன் குரல் இல்ல சார்” என்றேன். சாமி வந்தவன் சொந்தக் குரலிலா பேசுவான் என்று மடக்கினார்கள். கடைசியில் முதல்வர் தசரா முடியும்வரை அவகாசம் கொடுத்தார். என்னை மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

ஏட்டையா அன்றே கிளம்பிவிட்டார். செல்போன் ரிப்பேர் கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறார். பகலில் போனெல்லாம் அறையில் இருக்கும், சாவி சட்டத்துக்கு மேலே இருக்கும், அக்டோபரில் யாரும் காளியைத் தடுக்க மாட்டார்கள். இந்த மூன்றும் தெரிந்தவன் விடுதியில் இருந்து போனவனாகத்தான் இருப்பான் என்பது அவர் யோசனை. ஒன்பதாம் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் மடிக்கணினியை விற்க வந்தவனைப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். எங்கள் பழைய மாணவன்தான், பாதியில் படிப்பை விட்டவன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. “ஆறுமுகநேரிப் பயதான் வித்துத் தரச் சொல்லிக் குடுத்தான்” என்று ஒரே பிடியாக நின்றான். சூழ்நிலைக்கு அவ்வளவு பொருத்தமான பொய். மறுநாள் தசராவின் கடைசி நாள், சூரசம்ஹாரம். அதற்குள் தீராவிட்டால் ஆறுமுகநேரிப் பையனையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள்.

குரலை அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டு என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். ஒல்லியான, சவரம் செய்த, எங்கேயும் பார்க்கக்கூடிய ஒரு முகம். எத்தனையோ தடவை என் மேசைக்கு முன்னால் நின்று கையெழுத்துப் போட்டிருப்பான், எனக்கு நினைவில்லை. என்னை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. விடுதி அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்பது அங்கே இருந்துவிட்டுப் போன எல்லாப் பையன்களுக்கும் தெரிந்த செய்திதானே. எனக்கு வந்த அருள்வாக்கு முளைத்த இடம் அதுதான் என்று அங்கே நின்றபோது புரிந்தது.

உதவி ஆய்வாளர் ஒரு பெண். அன்று காளி சொன்னதை இவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்றார். ஏட்டையா மற்ற எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, “சத்தமா சொல்ல வேண்டாம், எழுதுங்கம்மா. பூராவும் வேண்டாம், ஒரு வரி போதும்” என்றார். ‘அடுத்த தசராவுக்குள்ள ஒன் மடி நெறையும்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அதைப் பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல வாசித்தான். என்னால் சொல்ல முடியவில்லை. இன்னொரு தடவை, உரக்க என்றார்கள். அப்போதும் தெரியவில்லை. அவன் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுமுகநேரிப் பையனின் அப்பா வெளியே மரத்தடியில் நிற்கிறார். நான் கடைசிவரை ஒன்றுக்கும் உதவாதவள் என்று நினைத்து அழுதேன்.

அவன் என்னைப் பார்த்தான். என்ன நினைத்தானோ தெரியாது. ஈரமா, பழக்கமா, திமிரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் தடவை வாசிக்கத் தொடங்கியபோது குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. “அழாத தாயி” என்றான். “அடுத்த தசராவுக்குள்ள ஒன் மடி நெறையும்.”

‘அழாத தாயி’ தாளில் இல்லை. நான் அதை எழுதவில்லை. உதவி ஆய்வாளர் தாளை வாங்கிப் பார்த்தார், ஏட்டையாவைப் பார்த்தார். அதோடு முடிந்தது. மறுநாள் ராத்திரி ஆறுமுகநேரிப் பையன் குலசைக் கடற்கரையில் காளி வேஷத்தில் ஆடினான். அவனை அத்தனை நாளும் குற்றவாளி ஆக்கி வைத்திருந்தவர்கள் போய்க் கும்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு மாதச் சஸ்பெண்டுக்குப் பிறகு என்னை மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் அதே மேசைதான். அந்தப் பையன் இப்போது துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். பஸ்ஸில் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பான், பேச மாட்டான். ஏட்டையா இறந்து நாலு வருடம் ஆகிறது. அவர் இடத்தில் இப்போது ஒரு ஏஜென்சி. பதினாறு கேமரா, ஒரு பெரிய திரை. அதில் எல்லா மாதமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. எனக்கு அந்தத் திரைமேல் பெரிய நம்பிக்கை கிடையாது. ஏட்டையாவும் நானும் அதற்குப் பிறகு அந்த ஸ்டேஷனைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேசாததற்குக் காரணம் உண்டு. அந்த அறையில் நடந்த ஒன்றை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவன் அந்த வாக்கைச் சொல்லி முடித்தபோது, எதிரில் நிற்பது திருடன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் இரண்டு கையும் தானாக எழுந்து அவனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. கூப்பிய கையைப் பிரித்துத்தான் நான் ‘இவன்தான்’ என்று காட்டினேன்.